நிற்கும் வண்டியின் செலவு

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது திருத்தணியின் மலையடிவாரத் தெருக்களில் கார்கள் எங்கெங்கே நின்றனவோ அங்கங்கேயே நின்றுவிட்டன. ஓயாத சென்னை–திருப்பதி சாலை ஓய்ந்தது. முதலில் 21 நாள் என்றார்கள். ஏப்ரல் 14 என்பது மே 3 ஆனது, மே 3 மே 17 ஆனது, அப்புறம் மே 31. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்ற கட்டுப்பாடு ஆகஸ்ட் கடைசிவரை நீடித்தது. ஆந்திர எல்லைக்கு அப்பால் இருந்தாலும் நகரியும் புத்தூரும் திருத்தணிக்காரர்கள் சம்பந்தம் பேசும், சந்தைக்குப் போய்வரும் ஊர்கள். அந்த மாதங்களில் எல்லைக்கோடு நிஜமாகவே கோடாக நின்றது. செப்டம்பர் பிறந்து, கோவிலும் திறந்து, மலைக்குப் போய்வரலாம் என்று வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பியவர்களில் எத்தனையோ பேருக்குக் கேட்டது 'டிக்' என்ற ஒற்றைச் சத்தம். சிலருக்கு அதுவும் இல்லை. "செல்ஃப் எடுக்கல" என்ற பேச்சு அந்த வருஷம் தெருவுக்குத் தெரு கேட்டது.

குளிர் நாடுகளில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது வருஷா வருஷம் நடக்கிற காரியம். பனி விழத் தொடங்கும்போது கொட்டகையில் ஏற்றி, பனி உருகியதும் எடுப்பார்கள். டொராண்டோவில் வாழும் நம்மவர்களுக்கு அந்த வழக்கம் பழகிவிட்டது. பேட்டரியை என்ன செய்வது என்பதற்கும் அங்கே நெடுநாளாய் ஒரு முறை இருக்கிறது. நமக்கு அப்படி ஒரு பழக்கம் வரவில்லை, வர அவசியமும் இருக்கவில்லை. திருத்தணியில் மார்கழி விடியலே இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஊர் முழுக்க வண்டிகளைச் சேர்த்து நிறுத்திவைக்கும் காலம் எங்களுக்கு முதன்முதலாக வந்தது கொரோனாவோடு. அதுவும் வந்தது பனியில் அல்ல, பங்குனி வெயிலில் தொடங்கி அக்னி நட்சத்திரத்தைத் தாண்டி. இந்த வித்தியாசம் முக்கியமானது. பேட்டரியைப் பொறுத்தவரை நமக்கு வாய்த்தது குளிரைவிடக் கொடுமையான காத்திருப்பு.

கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள். அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல். ஆறும் தொடராகச் சேரும்போது, முழுச் சார்ஜில் 12.6 அல்லது 12.7. ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகளும் ஈய டைஆக்சைடு தகடுகளும் மாறி மாறி நிற்க, அவற்றைச் சுற்றி நீர்த்த கந்தக அமிலம். 1859-இல் பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளான்டே கண்டுபிடித்த ஏற்பாடு இது. 1881-இல் அதே நாட்டின் கமீய் ஃபோர் ஈயக் குழம்பைத் தகட்டில் அப்பும் முறையைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு உறையும் உலோகக் கலவையும் மாறியிருக்கின்றன, உள்ளே நடப்பது மாறவில்லை. மின்சாரத்தைக் கொடுக்கக் கொடுக்க இருவகைத் தகடுகளும் ஈய சல்பேட்டாகிக்கொண்டு வரும், அமிலம் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஆனால் சல்பேட் இளசாக இருந்தால்தான் திரும்பும். புதிதாக உண்டானது பொடிப்பொடியான படிகம், சட்டென்று கரைந்துவிடும். அதையே வாரக்கணக்கில் அப்படியே விட்டால் சின்னப் படிகங்கள் கரைந்து பெரியவற்றின் மேல் போய்ப் படிந்து, தடித்து, இறுகிவிடும். அதற்கப்புறம் எவ்வளவு மின்சாரம் செலுத்தினாலும் அந்த இடம் கரையாது. தகட்டில் அந்த அளவு பரப்பு நிரந்தரமாகப் போய்விட்டது என்று அர்த்தம். மின்னழுத்தம் 12.4-க்குக் கீழே இறங்கிய நிலையில் நிற்கவிட்டாலே இந்த இறுகல் ஆரம்பித்துவிடுகிறது. ஓடி ஓடித் தேய்ந்து சாகும் பேட்டரிகள் உண்டு; அவற்றைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, அவை வாழ்ந்துவிட்டுப் போகின்றன. அரைவயிற்றோடு காத்துக் காத்துச் சாகும் பேட்டரிகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

சாவியை உருவிய பிறகும் இன்றைய கார் முழுக்க அணைவதில்லை. கடிகாரம் ஓடுகிறது. ரிமோட் சாவியின் சைகைக்காக ஒரு ரிசீவர் விழித்திருக்கிறது. திருட்டுத் தடுப்பு அமைப்பும், இன்ஜினை நடத்தும் ஈசியூவின் நினைவும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கின்றன. நல்ல நிலையில் உள்ள வண்டியிலேயே 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை கசியும். 30 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. அறிவித்த 21 நாளில் அதில் 15 போயிற்று. மே 3 வரை 40 நாள். கிட்டத்தட்ட 29 போயிற்று. மிச்சம் ஆறு. ஸ்டார்ட்டர் மோட்டாரோ சுழலத் தொடங்கும் கணத்திலேயே நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். இந்தக் கணக்கும், மார்ச் 24 ராத்திரி பேட்டரி நிறைந்திருந்தது என்ற நம்பிக்கையில் போட்டது. காய்கறிக் கடைக்கும் ஸ்டேஷனுக்குமாக ஓடிய வண்டியில் பேட்டரி எப்போதும் நிறைந்திருப்பதில்லை.

அம்பாசடர் காலத்து வண்டி இப்படிக் குடிக்காது. அணைத்தால் அணைந்தது. பேட்டரி படுத்தாலும் முன்பக்கம் ஹேண்டிலைச் செருகிச் சுற்றி எழுப்புவார்கள், இல்லையென்றால் நாலு பேர் தள்ளுவார்கள். இப்போதைய காரில் பெட்ரோலை ஏற்றும் பம்ப்பே மின்சாரத்தில் ஓடுகிறது. பேட்டரி சுத்தமாகச் செத்துவிட்டால் மலைப்பாதையின் உச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் இன்ஜின் பேசாது. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பேச்சுக்கே இடமில்லை.

வெயிலுக்கு வருகிறேன். எதிலும் இணைக்காமல் தனியே வைத்த பேட்டரியும் தனக்குள்ளேயே சார்ஜை இழந்துகொண்டிருக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் இந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐந்து டிகிரிக் குளிரில் கொட்டகையில் கிடக்கும் பேட்டரியோடு நாற்பது டிகிரியில் வாசலில் நிற்பதை ஒப்பிட்டால் இழப்பு பத்து மடங்கு. கோடையில் வானிலை அறிக்கை வாசிக்கும்போது வேலூரோடு சேர்ந்து திருத்தணியின் பெயரும் அடிக்கடி வருவதை எல்லோரும் கேட்டிருப்பார்கள். பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க வெளியே விடும் ஊர் இது. மூடிய பானெட்டுக்குள் அந்தச் சூடு இன்னும் கூடுதல். தகடுகளைத் தாங்கும் ஈயச் சட்டமும் அதில் வேகமாக அரித்துப்போகும். இதனால்தான் வெப்ப நாடுகளுக்கான பேட்டரிகளில் அமிலத்தைச் சற்று நீர்த்தே ஊற்றுகிறார்கள். குளிர் நாட்டில் ஒப்படர்த்தி 1.28 என்றால் இங்கே 1.24-ஐ ஒட்டி இருக்கும்.

குளிர் நாட்டில் அபாயம் வேறு திசையிலிருந்து வருகிறது. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் இருப்பது ஏறக்குறையத் தண்ணீர்தான் என்பதால் மைனஸ் பத்தை ஒட்டியே உறைந்து, விரிந்து, பெட்டியைப் பிளந்துவிடும். நிறைந்த பேட்டரியோ மைனஸ் ஐம்பதிலும் உறையாது. எனவே அவர்கள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, ஒயரைக் கழற்றி வைத்துவிட்டால் பனிக்காலம் முழுவதும் பேட்டரி அப்படியே தூங்கும். அந்த அதிர்ஷ்டம் நமக்கு இல்லை. இங்கே கழற்றிவைத்தாலும் மாதம் ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும்.

ஊரடங்கில் பலரும் ஒன்று செய்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் காலையில் வாசலுக்கு வந்து வண்டியை ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு அணைத்தார்கள். அக்கறையோடு செய்த காரியம், ஆனாலும் போதாது. ஒரு வாரத்தில் கசிந்தது ஐந்து ஆம்பியர்-மணி. ஐடிலில் ஆல்டர்னேட்டர் கொடுப்பதே கொஞ்சம். ஐந்து நிமிடத்தில் பேட்டரிக்குள் ஒரு ஆம்பியர்-மணிகூட ஏறியிருக்காது. ஏசியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் இல்லை. முப்பது நாற்பது நிமிடமாவது ரோட்டில் ஓட வேண்டும். திருத்தணியிலிருந்து அரக்கோணம் போய்த் திரும்பினால் கணக்குச் சரியாகும். அன்றைக்கு அந்த ரோட்டில் போகத்தான் வழியில்லை.

அந்தச் செப்டம்பரில் பேட்டரிக் கடைகளில் உட்கார இடமில்லை. ஒரு கடையில் கண்டதைச் சொல்கிறேன். சுவரோரம் மரப்பலகையில் வரிசையாகப் பேட்டரிகள். மூடிகளைக் கழற்றி, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஒயர் கோத்து, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சார்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே குமிழிகள் உடையும் மெல்லிய சலசலப்பு, மூக்கின் உள்ளே உறைக்கும் அமில நெடி. ஃபேன் வாசலைப் பார்த்துச் சுழன்றது, ஏறும் ஹைட்ரஜன் வெளியே போவதற்காக. பீடி பற்றவைக்கப் போனவரைக் கடைக்காரர் ஒரே சத்தத்தில் தெருவுக்கு அனுப்பினார். அவருடைய சட்டையின் முன்பக்கம் முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். கண்ணாடிக் குழாயும் ரப்பர் குமிழும் கொண்ட ஹைட்ரோமீட்டரை முதல் அறைக்குள் விட்டு உறிஞ்சினார். உள்ளே மிதவை பச்சைக் கோடுவரை எழுந்து நின்றது. இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவதுவரை பச்சை. ஆறாவதில் மிதவை எழவேயில்லை, சிவப்புக்குக் கீழே சாய்ந்து கிடந்தது.

"என்னப்பா, இன்னொரு ராத்திரி போட்டா எந்திரிக்குமா?" என்று கேட்டார் வண்டிக்காரர். ரிடையர்டு வாத்தியார்.

"அஞ்சு அறை நல்லாத்தான் இருக்கு ஐயா. இது ஒண்ணுதான் ஏற மாட்டேங்குது. ஒண்ணு போனா எல்லாம் போன மாதிரிதான். நாலஞ்சு மாசம் அப்படியே வுட்டுட்டீங்க. மைனஸ் ஒயரையாவது கழட்டி வுட்டிருந்தா பொழைச்சிருக்கும்."

"மெயின்டெனன்ஸ் ஃப்ரீன்னு போட்டிருந்துதேப்பா."

கடைக்காரர் பதில் சொல்லாமல் ஹைட்ரோமீட்டரைத் தண்ணீரில் அலசினார். அவர் சொல்லாத பதிலை நான் சொல்லிவிடுகிறேன். அந்த லேபிளுக்கு, அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டாம் என்பதுதான் பொருள். சார்ஜ் வேண்டாம் என்று அது சொல்லவில்லை. சில பேட்டரிகளின் தலையில் ஒரு வட்டக் கண் வைத்திருப்பார்கள், பச்சை தெரிந்தால் நல்லது என்று. அந்தக் கண் ஆறு அறைகளில் ஒன்றை மட்டுமே பார்க்கிறது. வாத்தியாருடையதைப் போல வேறு அறை செத்தால் அது கடைசிவரை பச்சையாகவே சிரிக்கும்.

நம் வழக்கத்தில் கருவிகளுக்கு ஓய்வு என்பது ஆயுத பூஜை. அன்றைக்கு அரிவாளையும் முறத்தையும் தராசையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம், யாரும் எடுத்து வேலை செய்யக் கூடாது. காருக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஆனால் மறுநாள் விஜயதசமியில் எடுத்தாக வேண்டும். பெயருக்காவது ஒரு வேலை செய்தாக வேண்டும். ஓய்வுக்கு ஒரு ராத்திரிதான் அளவு. இதை ஏற்படுத்தியவர்கள் பேட்டரியைப் பார்த்ததில்லை. தறியையும் ஏரையும் பார்த்தவர்கள், சும்மா கிடந்தால் எது கெடும் என்று தெரிந்தவர்கள். எனக்கு இந்த மறுநாள் விதியின் மேல் பெரிய மரியாதை உண்டு. பூஜையை விடாமல் செய்கிறோம், மறுநாளைத்தான் விட்டுவிட்டோம்.

ஊரடங்கு முடிந்த பிறகும் திருத்தணியில் நிற்கும் கார்கள் குறையவில்லை. பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, அப்பா அம்மாவுக்கென்று வாங்கி நிறுத்திய கார்கள் அவை. அப்பாவுக்கு எழுபது தாண்டியிருக்கும், பகலில் ஓட்டவே தயக்கம். அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்பார்கள். அந்த அவசரம் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலியாக வரலாம். பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்றால் என்ன செய்வது? தினம் ஓடும் வண்டி காலை வாருவது அபூர்வம். அவசரத்துக்கென்று எடுத்துவைத்த வண்டிதான் அவசரத்தில் காலை வாரும். வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைகள் சர்க்கரையும் பிரஷரும் விசாரிப்பதோடு, வண்டி போன வாரம் ரோட்டில் ஓடியதா என்றும் கேட்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதா என்று கேட்டால் போதாது.

மாதக்கணக்கில் ஊரில் இல்லாமல் போகிறவர்கள் முதலில் பேட்டரியை முழுக்க ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்த கையோடு மீட்டர் வைத்தால் பொய்யான உயரம் காட்டும். ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்துப் பார்த்து, 12.6-க்கு மேல் இருந்தால் நிறைந்தது. பிறகு பத்தாம் நம்பர் ஸ்பேனரால் மைனஸைக் கழற்ற வேண்டும். ப்ளஸில் கை வைக்கவே கூடாது. மைனஸ் மாட்டியிருக்கும்போது ப்ளஸில் வைத்த ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும், ஸ்பேனரே பழுத்துவிடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைப் பொடியை வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவி, துடைத்து, வாஸ்லின் தடவலாம். திரும்ப மாட்டும்போது கடிகாரத்தைத் திருத்த வேண்டியிருக்கும், சில வண்டிகளில் ஜன்னல் கண்ணாடியை ஒருமுறை முழுக்க ஏற்றி இறக்கிப் பழக்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான் தொல்லை. வண்டியை நிழலில் விட முடிந்தால் பேட்டரிக்கு அது பாதி வைத்தியம்.

இன்னும் நல்லது, தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர். 14.4 வோல்ட்டை ஒட்டி ஏற்றி, நிறைந்ததும் 13.5-ஐ ஒட்டி இறங்கி, கசிவதை மட்டும் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். பழைய மாடல் சார்ஜருக்கு நிறுத்தத் தெரியாது, மறந்துவிட்டால் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடும். வீட்டு இன்வெர்ட்டர் இந்த வேலையைத்தான் வருஷம் முழுக்கச் செய்கிறது. அதனால் அந்தப் பேட்டரிக்குப் பட்டினிச் சாவு வருவதில்லை, தண்ணீர் வற்றுவதுதான் அதன் நோய்.

இத்தனை கவலை எதற்கு, புதிதாக ஒன்று வாங்கினால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் உண்டு. வாத்தியாரும் வாங்கினார். பழையதை எடைபோட்டு விலையில் கழித்துக்கொண்டு, மூலையில் குவிந்திருந்தவற்றின் மேல் அதையும் தூக்கிவைத்தார்கள். புதுப் பேட்டரிகள் எங்கள் ஊர்ச் சாலைக்கு அந்நியமானவை அல்ல. இதே சாலை போய்ச் சேரும் திருப்பதிக்கு அருகில், ரேணிகுண்டாவை ஒட்டிய கரகம்பாடியில், 1985-இல் கல்லா ராமச்சந்திர நாயுடு தொடங்கிய அமர ராஜாவின் தொழிற்சாலை இருக்கிறது. அமரான் பேட்டரி அங்கிருந்து வருவது. தொழிற்சாலைக்குச் சட்டம் உண்டு, ஆய்வு உண்டு. மூலையில் குவிந்த பழையவை எங்கே போகும் என்பதுதான் கேள்வி. பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போனால் அந்த ஈயம் பத்திரமாகத் திரும்பிவரும். கூடுதல் காசு தரும் இடைத்தரகர் கையில் சிக்கினால் ஏதோ ஊருக்கு வெளியே கோடாலியால் உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, திறந்த அடுப்பில் உருக்குவார்கள். புகையாக எழும் ஈயம் சுற்றியுள்ள வீடுகளில் தூசியாக இறங்கும்.

2020 ஜூலையில், நம் வண்டிகள் வாசலில் நின்றுகொண்டிருந்த அதே மாதத்தில், யுனிசெஃபும் ப்யூர் எர்த் அமைப்பும் ஓர் அறிக்கை வெளியிட்டன. உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, ஏறக்குறைய 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது என்றது அது. இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல். முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சுட்டியது, முறையற்றுப் பழைய பேட்டரி உருக்குவதை. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், கெட்டது திரும்பாது. பழைய பேட்டரியைக் கடைக்காரர் வாங்கிச் சேர்க்க வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. தயாரிப்பாளரையே பொறுப்பாக்கும் விதிகள் 2022-இல் வந்தன. இருந்தாலும், நாலைந்து வருஷம் ஓட வேண்டிய பேட்டரி இரண்டு வருஷத்தில் நின்ற இடத்திலேயே செத்தால், ஒருமுறை உருக்க வேண்டியதை இருமுறை உருக்குகிறோம். அந்தக் குவியலைப் பார்த்தபோது என் மனதில் ஓடியது பணக்கணக்கு அல்ல. யாரோ ஒரு குழந்தை தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கும் வீடு ஒன்று அந்த அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதற்கு ஆளுக்கொரு சார்ஜர் வாங்க வேண்டியதில்லை. நாலு ஆம்பியர் தானியங்கிச் சார்ஜர் ஒன்று, 35 ஆம்பியர்-மணி பேட்டரியைச் சாயந்தரம் மாட்டினால் காலையில் நிறைத்துவிடும். முப்பது கார் நிற்கும் தெருவில் ராத்திரிக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு காருக்கும் மாதம் ஒருமுறை வரும். கேட் பூட்டியிருக்கும் வீடுகளின் சாவி எப்படியும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வருகிறவர்களுக்கு மோர்ப்பந்தல் போடத் தெருக்காரர்கள் பணம் சேர்க்கிறார்கள். அடுத்த முறை சேர்க்கும்போது ஒரு சார்ஜருக்கும் சேர்த்துக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.